மருந்தெதிர்ப்புக் கிருமிகளை வெல்ல சர்க்கரைவழி ஆன்டிபயாடிக்குகள்: எந்தப் பாதையில் பணத்தை இடுவது?

2010-ஆம் ஆண்டு லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, என்.டி.எம்.-1 என்னும் எதிர்ப்பு மரபணுவைத் தாங்கிய கிருமிகள் சென்னை நோயாளிகளிடமிருந்து 44, ஹரியாணாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37 என்று எண்ணிக் காட்டியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி அதன் முதல் ஆசிரியர். அந்தக் கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்கு எதிராக டைகிசைக்ளின், கொலிஸ்டின் என்ற இரண்டே மருந்துகள்தாம் வேலை செய்தன. அவற்றிலும் கொலிஸ்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. உலக அளவில் 2019-ஆம் ஆண்டில் மட்டும் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்தெதிர்ப்புக் கிருமிகளால் நேரடியாக இறந்தார்கள் என்பது லான்செட்டில் 2022-இல் வந்த மதிப்பீடு. இந்த நிலையில், நம் நாட்டின் பொது ஆய்வு நிதியில் ஒரு பங்கைச் சர்க்கரைக் கட்டமைப்பு கொண்ட புதிய ஆன்டிபயாடிக்குகளுக்கு ஒதுக்குவது என்று முடிவாகிவிட்டால், அதை எந்த வழியில் இடுவது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

சர்க்கரை என்று நான் இங்கே சொல்வது, கிருமியைத் தாக்கும் மருந்தின் உடலாகவோ கைகளாகவோ அமையும் கார்போஹைட்ரேட் வளையங்களை. இது புதுச் சிந்தனை அன்று. 1943-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் பிரித்தெடுத்த ஸ்ட்ரெப்டோமைசின், சர்க்கரை வளையங்களால் ஆன மருந்துதான். காசநோய்க்கு அதைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கழகம் 1948-இல் முடிவுகளை வெளியிட்டது. மருந்து பெற்ற 55 பேரில் முதல் ஆறு மாதங்களில் இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது, ஆனால் அவர்களில் பலரின் கிருமிகள் சில மாதங்களுக்குள்ளாகவே மருந்துக்குப் பணியாதவையாக மாறியிருந்தன. சர்க்கரை மருந்தும் அதற்கான எதிர்ப்பும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. ஆகவே ஒரு வழியை மதிப்பிடும்போது அது எவ்வளவு புதுமையானது என்று முதலில் கேட்பது தவறு. அந்த மூலக்கூறின் எந்த இடத்தில் கிருமியால் கைவைக்க முடியும், அந்த இடத்தை நம்மால் நீக்கவோ மறைக்கவோ முடியுமா என்பதே முதற்கேள்வி. மற்ற கேள்விகள், அதாவது எந்தக் கிருமியைக் கொல்லும், எந்த உறுப்பைக் கெடுக்கும், என்ன விலையில் உற்பத்தியாகும், யார் வாங்குவார்கள் என்பவை, அதற்குப் பிறகே வருகின்றன.

முதல் வழி, ஸ்ட்ரெப்டோமைசினின் உறவான பழைய அமினோகிளைகோசைடுகளைத் திருத்தி அமைப்பது. ஜென்டாமைசின், அமிகாசின், டோப்ராமைசின் எல்லாம் இந்தக் குடும்பம். புரதம் செய்யும் எந்திரமான கிருமியின் ரைபோசோமில், 16எஸ் ஆர்.என்.ஏ. என்ற பகுதியின் ஒரு குறிப்பிட்ட மடிப்பில் இவை போய் அமர்ந்துகொள்வதால் புரத உற்பத்தி பிழைபட்டுக் கிருமி இறக்கிறது. அந்த மடிப்பின் வடிவத்தை அணு அணுவாகக் காட்டியவர்களில் முக்கியமானவர், சிதம்பரத்தில் பிறந்து 2009-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். எதிர்ப்பு இங்கே இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, கிருமி தன் நொதிகளால் மருந்தின் அமினோ, ஹைட்ராக்சில் தொகுதிகளின் மேல் அசிட்டைல், பாஸ்பேட், நியூக்ளியோடைடு போன்ற மூட்டைகளை ஏற்றிவிடுகிறது. மருந்து உட்கார வேண்டிய இடத்தில் உட்கார முடிவதில்லை. மற்றொன்று, ஆர்ம்-ஏ, ஆர்.எம்.டி. போன்ற நொதிகள் ரைபோசோமிலேயே ஜி-1405 என்ற இடத்தில் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டிவிடுகின்றன. ஜென்டாமைசினும் அமிகாசினும் ஒரே அடியில் பயனற்றுப் போகின்றன. நமக்கு மிகவும் கவலை தர வேண்டியது இரண்டாவது விதம்தான், ஏனென்றால் என்.டி.எம். மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிடுகளில், அதாவது கிருமிகள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் சிறு டி.என்.ஏ. வளையங்களில், இந்த மெத்திலேற்றும் நொதியின் மரபணுவும் அடிக்கடி கூடவே பயணம் செய்கிறது.

இந்த வழியில் அண்மையில் வெற்றி என்று சொல்லப்பட்டது பிளாசோமைசின். சிசோமைசின் என்ற இயற்கை மருந்தை எடுத்து, நொதிகள் மூட்டை ஏற்றும் இடங்களைப் பக்கச்சங்கிலிகளால் மறைத்து அமைக்கப்பட்டது. சிக்கலான சிறுநீர்த்தொற்றுக்கு 2018 ஜூனில் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. அதை உருவாக்கிய அக்கேயோஜென் நிறுவனம் பத்து மாதங்களுக்குள், 2019 ஏப்ரலில், திவாலானது. மருந்தின் உரிமையைப் பின்னர் சிப்லா வாங்கியது. ஒப்புதல் வரை கொண்டுசெல்லத் தெரிந்த நிறுவனத்தால் அதை விற்றுப் பிழைக்க முடியவில்லை என்ற செய்தியை இத்துறையில் முடிவெடுக்கும் எவரும் மறக்கக் கூடாது. வணிகத்தை விடுத்து வேதியியலை மட்டும் பார்த்தாலும், பிளாசோமைசின் மூட்டை ஏற்றும் நொதிகளைத்தான் ஏய்க்கிறது. ஜி-1405 மெத்திலேற்றத்தின் முன் அதுவும் தோற்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளின் கிருமிகளுக்கு அது பொருத்தமான திருத்தமாக இருந்திருக்கலாம். சென்னை, டெல்லி மருத்துவமனைகளில் காணும் என்.டி.எம். கிருமிகளுக்கு எதிரான தேர்வாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே குடும்பத்தில் ஒதுங்கி நிற்கும் ஓர் உறுப்பினர் ஏப்ராமைசின். பல நாடுகளில் பன்றிகளுக்கும் கன்றுகளுக்கும் பல்லாண்டுகளாகக் கொடுக்கப்பட்டுவரும் கால்நடை மருந்து இது. மற்ற அமினோகிளைகோசைடுகளில் நடுவளையத்தின் இரண்டு இடங்களில் சர்க்கரைகள் ஒட்டியிருக்க, ஏப்ராமைசினில் ஒரே ஒரு பக்கத்தில்தான் ஒட்டியிருக்கிறது. அதுவும் இரண்டு வளையங்கள் இணைந்த அரிய வகை எட்டுக்கார்பன் சர்க்கரை. ஜி-1405-ஐத் தொட வேண்டிய கையே இதற்கு இல்லாததால் அங்கே ஒட்டிய மெத்தில் இதைத் தடுப்பதில்லை. மூட்டை ஏற்றும் நொதிகளில் பெரும்பாலானவற்றுக்கும் பிடிமானம் கிடைப்பதில்லை. கிருமி எங்கே கைவைக்கிறதோ அந்த இடமே மூலக்கூறில் இல்லை என்பதுதான் நான் தேடும் தகுதி, அது இங்கே தெளிவாக இருக்கிறது.

இக்குடும்பத்தின் பழைய குறை, காதையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது. உட்செவியின் மயிரணுக்கள் ஒருமுறை இறந்தால் மீண்டும் முளைப்பதில்லை; நம் உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமில் 1555-ஆம் இடத்தில் ஒரு மாற்றம் உள்ளவர்கள் சில ஊசிகளிலேயே கேட்கும் திறனை இழந்துவிடக்கூடும். சூரிக் பல்கலைக்கழகத்தின் எரிக் பட்கர், வேதியியலாளர் ஆண்ட்ரியா வசெல்லா ஆகியோருடன் ராமகிருஷ்ணனும் சேர்ந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வு, ஏப்ராமைசின் கிருமியின் ரைபோசோமைத் தாக்கும் அளவுக்கு மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமைத் தாக்குவதில்லை என்றும், கினிப்பன்றிகளின் செவியில் விளைந்த கேடு குறைவு என்றும் காட்டியது. பிறகு மனிதருக்கேற்ற வடிவத்தில் ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் முதற்கட்டச் சோதனையும் முடிந்திருக்கிறது. பச்சிளங்குழந்தைகளின் இரத்தத்தொற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் முதல்நிலை மருத்துவமாகச் சொல்வது ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும். டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வோ, அந்தக் குழந்தைகளிடம் அசினெட்டோபாக்டரும் கிளெப்சியெல்லாவும் முன்னிற்பதையும், அவற்றில் பெரும்பங்கு பல மருந்துகளுக்குப் பணியாதவை என்பதையும் காட்டியது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைக்குக் காதைப் பறிக்காத, என்.டி.எம். கிருமியையும் கொல்லக்கூடிய ஓர் ஊசி மருந்து கிடைக்குமானால், அதைவிடப் பெரிய பயன் இந்தப் பட்டியலில் வேறொன்றும் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

உற்பத்தியிலும் இதற்கு ஒரு வசதி உண்டு. ஏப்ராமைசின் மண்வாழ் நுண்ணுயிரை நொதிக்கவைத்துப் பெறப்படுவது. டன் கணக்கில் செய்யும் முறை கால்நடை மருந்துத் தொழிலில் ஏற்கெனவே இருக்கிறது. இந்தியாவில் நொதித்தல் தொழில்நுட்பம் தெரிந்த ஆலைகளுக்கு இது எட்டாத வேலை அன்று. குறை என்று சொன்னால் இரண்டு. இதுவும் ஊசிதான், மாத்திரையாக விழுங்க முடியாது. மற்றது, ஏ.ஏ.சி.-3-4 என்ற நொதி ஏப்ராமைசினையும் செயலிழக்கச் செய்கிறது. அந்த மரபணு கால்நடைப் பண்ணைகளின் கிருமிகளில்தான் முதலில் தெரியவந்தது. இதற்குக் கட்டுரையின் இறுதியில் மீண்டும் வருவேன்.

இரண்டாவது வழி முற்றிலும் வேறு திசையில் செல்கிறது. லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் அமேலியா பிலார் ரவுட்டர் குழுவினர் 2018-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, சில ஹைட்ராக்சில் தொகுதிகளை நீக்கிய சர்க்கரை வளையத்தில் ஒரு நீண்ட கொழுப்புச்சங்கிலியை இணைத்த எளிய மூலக்கூறுகளைப் பற்றியது. இவை ரைபோசோமையோ எந்த ஒரு புரதத்தையோ குறிவைப்பதில்லை. கிருமியின் சவ்வில் உள்ள பாஸ்பாடிடைல் எத்தனாலமின் என்ற கொழுப்பைத் தம் வசப்படுத்தி, அடுக்கடுக்காக இருக்கும் சவ்வை உள்வெளி புரண்ட அறுகோணக் குழாய்களாக மடியவைக்கின்றன. சவ்வு உருக்குலைந்து கிருமி பத்து நிமிடங்களில் சாகிறது. ஆந்த்ராக்ஸை உண்டாக்கும் பேசில்லஸ் ஆந்த்ராசிஸும், அதன் நெருங்கிய உறவான பேசில்லஸ் சீரியஸும் இப்படி மடிந்தன. சோதனைகளில் எதிர்ப்பு தோன்றவே இல்லை. மனித உயிரணுக்களில் இந்தக் கொழுப்பு பெரும்பாலும் சவ்வின் உட்புறத்தில் ஒதுங்கியிருப்பதும் பாதுகாப்புக்குச் சாதகமான சங்கதி.

எனக்கு இந்த ஆய்வின் மீது மிகுந்த மதிப்பு உண்டு. எந்த ஹைட்ராக்சிலை நீக்குவது என்பதைக் கொண்டே மருந்தின் வீரியமும் தேர்வுத்திறனும் மாறுகின்றன என்று அவர்கள் நிறுவியிருப்பது, சர்க்கரை வேதியியலின் நுட்பத்துக்கு நல்ல சான்று. சவ்வின் அடிப்படைக் கொழுப்பை மாற்றிக்கொள்வது, ஒரு நொதியைக் கடன் வாங்குவதைப் போல ஒரு பிளாஸ்மிடில் முடிந்துவிடும் காரியம் அன்று. எனவே எதிர்ப்பு மெதுவாக வரும் என்ற எதிர்பார்ப்புக்கு அடிப்படை இருக்கிறது. ஆயினும் முடிவெடுக்கும் மேசையில் மூன்று தயக்கங்களை வைக்க வேண்டியிருக்கிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸின் சவ்வில் இந்தக் கொழுப்பு இல்லை, ஆகவே நம் மருத்துவமனைகளில் புண்களையும் இரத்தத்தையும் தொற்றும் அந்தக் கிருமிக்கு இந்த வழி பொருந்தாது. ஈ. கோலை, கிளெப்சியெல்லா போன்ற, உள்ளும் வெளியுமாக இரண்டு சவ்வுகள் கொண்ட கிராம் நெகட்டிவ் கிருமிகளின் உட்சவ்வில் இக்கொழுப்பு நிறையவே உண்டு, ஆனால் அதைச் சென்றடைய வெளிச்சவ்வு என்ற மதிலைத் தாண்ட வேண்டும். மூன்றாவது, சவ்வைக் கலைக்கும் சோப்புத்தன்மை கொண்ட மூலக்கூறுகள் குருதியில் செலுத்தப்படும்போது சிவப்பணுக்களைச் சிதைக்காமல், புரதங்களோடு ஒட்டிக்கொண்டு வீணாகாமல் இருக்குமா என்பதை விலங்குகளிடம் நீண்ட காலம் பார்த்துத்தான் சொல்ல முடியும். மேற்பூச்சாகவோ புண் கழுவும் நீராகவோ இது முதலில் பயன்படத் தொடங்கலாம். பேசில்லஸ் வகைக் கிருமிகளுக்கு எதிரான இருப்பு மருந்தாக ஒரு நாடு இதைக் கருதுவதும் நியாயமே. என்.டி.எம். கிருமிக்கு உடனடி விடையாக இதை எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும்.

மூன்றாவது வழி செல்சுவரின் சர்க்கரைச் சங்கிலியைக் குறிவைப்பது. கிருமியின் செல்சுவர், சர்க்கரைகளை மாலையாகக் கோத்து அந்த மாலைகளைப் பெப்டைடுகளால் குறுக்கே இணைத்த வலை. பெனிசிலின் குறுக்கிணைப்பைத் தடுக்கிறது. மாலை கோக்கும் நொதியை நேரடியாகப் பிடித்து நிறுத்தும் இயற்கை மருந்தாக நமக்குத் தெரிந்தது மோயினோமைசின். ஐந்து சர்க்கரைகளும் ஒரு பாஸ்பேட்டும் இருபத்தைந்து கார்பன் கொண்ட கொழுப்புவாலும் சேர்ந்தது அது. தீவனத்தில் கலக்கும் வளர்ச்சியூக்கியாகப் பல பத்தாண்டுகள் பயன்பட்ட பிறகும் அதற்கு எதிரான எதிர்ப்பு கிருமிகளிடையே பெரிதாகப் பரவவில்லை என்பது வியப்புக்குரிய உண்மை. ஆனால் குடலில் உறிஞ்சப்படுவதில்லை, குருதியில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நெடுநேரம் தங்கிவிடுகிறது, கிராம் நெகட்டிவ் கிருமிகளின் வெளிச்சவ்வை ஊடுருவுவதில்லை. அமெரிக்க வேதியியலாளர் டேனியல் கான் குழு 2006-இல் இதை ஆய்வகத்தில் முழுமையாகத் தொகுத்துக் காட்டியது. 2007-இல் நொதியோடு இது பிணைந்திருக்கும் படிகவடிவமும் வெளியானது. வால் குறுகிய, குருதியில் நன்கு கரையக்கூடிய ஒரு திருத்தத்தைத் தேடுவதற்கு வரைபடம் கையில் இருக்கிறது, தேடுவோர்தாம் குறைவு.

இதே தளத்தில் வேறொரு பாடமும் கிடைக்கிறது. செல்சுவர் உருவாவதைத் தடுக்கும் ஆன்டிபயாடிக்கான வேன்கோமைசினின் சர்க்கரையில் கொழுப்பு நாட்டமுள்ள ஒரு பக்கச்சங்கிலியை இணைத்தால், வேன்கோமைசினுக்குப் பணியாத என்டரோகாக்கஸ் கிருமிகளும் மீண்டும் பணிகின்றன என்று 1999-இல் கான் குழு விளக்கியது. 2014-இல் ஒப்புதல் பெற்ற ஓரிடாவேன்சின் இவ்வகைப்பட்டது. 1200 மில்லிகிராம் ஒரே தவணையில் செலுத்தினால் சிகிச்சை முடிந்துவிடும். மருந்தின் சர்க்கரைப் பகுதி அலங்காரம் அன்று, எதிர்ப்பைத் தாண்டும் நெம்புகோல் என்பதற்கு இதைவிடத் தெளிந்த எடுத்துக்காட்டு இல்லை. எனினும் இந்தக் குடும்பம் முழுவதும் வெளிச்சவ்வு இல்லாத கிராம் பாசிட்டிவ் கிருமிகளோடு நின்றுவிடுகிறது.

முழுத்தொகுப்பு முறையில் ரைபோசோம் மருந்துகளைப் புதிதாகக் கட்டும் ஹார்வர்டின் ஆண்ட்ரூ மையர்ஸ் குழுவையும் சொல்ல வேண்டும். லிங்கோசமைடு என்ற ஆன்டிபயாடிக் குடும்பத்தின் அமினோ சர்க்கரையை வைத்துக்கொண்டு அவர்கள் அமைத்த கிரெசோமைசின், 2024-இல் சயன்ஸ் இதழில் வெளியானது. மெத்திலேற்றிய ரைபோசோமையும் அது பிடித்துக்கொள்கிறது, எலிகளில் கிராம் நெகட்டிவ் தொற்றுகளிலும் பயன் தந்தது. அழகான வேதியியல் அது. பல படிகள் கொண்ட முழுத்தொகுப்பை மலிவாக்கிப் பெருமளவில் செய்வது தனிப் போராட்டம் என்பதால், பிறர் எடுத்துச்செல்லும் இந்த வழியை நாம் கவனித்துக்கொண்டிருந்தால் போதும்.

நான்காவது வழி, கொல்லாமல் தடுப்பது. சிறுநீர்ப்பையைத் தொற்றும் ஈ. கோலை, தன் மயிர்நீட்சிகளின் நுனியிலுள்ள ஃபிம்-எச் என்ற புரதத்தால் நம் உயிரணுக்களின் மேலுள்ள மானோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடியில் முன்னதாகவே ஒரு போலி மானோஸைச் செருகிவிட்டால் கிருமி ஒட்ட முடியாமல் சிறுநீரோடு வெளியேறிவிடும். கிருமியைக் கொல்லாததால் எதிர்ப்பு வளர்வதற்கான நெருக்கடியும் குறைவு. இந்த எண்ணம் பொருள் நிறைந்தது, ஆனால் கடைகளில் கிடைக்கும் சாதாரண மானோஸ் தூளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அடிக்கடி சிறுநீர்த்தொற்று வரும் 598 பெண்களிடம் பிரிட்டனில் நடந்து 2024-இல் வெளியான சோதனையில், தினமும் இரண்டு கிராம் மானோஸை ஆறு மாதம் சாப்பிட்டவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் வெற்றுத்தூள் சாப்பிட்டவர்களில் 55.7 விழுக்காட்டினருக்கும் தொற்று திரும்பியது. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. தனி மானோஸின் பிடி மிகவும் தளர்வானது, குடலில் உறிஞ்சப்பட்டபின் சிறுநீரில் போதிய அளவு எட்டுவதும் கடினம். கொழுப்பு நாட்டமுள்ள வால்களைச் சேர்த்து உருவாக்கப்படும் மானோசைடுகள் பல மடங்கு இறுக்கமாகப் பற்றுகின்றன. வாய்வழி மாத்திரையாகவும் ஆக்கலாம். மீண்டும் மீண்டும் தொற்று வரும் பெண்களுக்கு இது பெரும் நிம்மதி தரக்கூடும். இரத்தத்தில் கிருமி பரவி உயிர் ஊசலாடும் நோயாளிக்கு இது உதவாது.

ஐந்தாவதாகச் சிலர் தடுப்பூசியை முன்வைப்பார்கள். கிருமியின் மேலுறைச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்யும் தடுப்பூசிகள் கார்போஹைட்ரேட் அறிவியலின் மிகப் பெரிய வெற்றி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஐதராபாத்தின் பாரத் பயோடெக் உருவாக்கிய டைபாய்டு தடுப்பூசி நேபாளத்தில் ஏறத்தாழ 20,000 குழந்தைகளிடம் நடந்த சோதனையில் 81.6 விழுக்காடு பாதுகாப்பு தந்தது. 2016 முதல் சிந்து மாகாணத்தில் கிட்டத்தட்ட எல்லா வாய்வழி மருந்துகளுக்கும் பணியாத டைபாய்டு பரவியபோது, பாகிஸ்தான் 2019-இல் அதைக் குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிகளில் சேர்த்துக்கொண்டது. ஆனால் இதற்குத் தனி நிதி இருக்க வேண்டும். மருந்தாய்வின் பணத்தைத் தடுப்பூசிக்குத் திருப்புவதோ, தடுப்பூசி இருக்கிறது என்று மருந்தாய்வை நிறுத்துவதோ சரியாகாது. கிளெப்சியெல்லாவின் மேலுறைகள் பல பத்து வகைகளாகப் பிரிந்திருப்பதால் அதற்கொரு தடுப்பூசி அத்தனை எளிதில் வந்துவிடாது.

இவ்வளவையும் எடைபோட்டு, கையில் நூறு ரூபாய் இருந்தால் ஐம்பத்தைந்தை ஏப்ராமைசினுக்கும் அதன் திருத்தங்களுக்கும் ஒதுக்குவேன். நம் நாட்டில் உயிரைப் பறிக்கும் கிருமி, அதன் எதிர்ப்பு முறை, உற்பத்தித் திறன் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சந்திப்பது அங்கேதான். இருபதை லிஸ்பன் வழியிலான சவ்வுச் சர்க்கரைகளுக்குக் கொடுத்து, கிராம் நெகட்டிவ் கிருமியின் வெளிச்சவ்வைத் தாண்டவைக்க முடியுமா என்ற ஒரே கேள்வியை ஐந்தாண்டுக்குள் தீர்க்கச் சொல்வேன். பதினைந்தை மோயினோமைசின் வேதியியலுக்கும், மீதிப் பத்தை மானோசைடுகளுக்கும் தருவேன். மாத்திரையாகக் கொடுக்கத்தக்க மருந்துதான் முதல் தேவை என்று ஒரு மாநில அரசு முடிவு செய்யுமானால் இந்த வரிசை மாறும், மானோசைடு மேலே வரும். அதை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

பணத்தைப் பங்கிடுவதோடு வாங்குவோரையும் முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும். அக்கேயோஜெனுக்கு நேர்ந்தது நம் நிறுவனங்களுக்கும் நேரும். கடைசிக் கட்டத்துக்கென்று பூட்டிவைக்கப்படும் மருந்து குறைவாகத்தான் விற்கும், குறைவாக விற்பதே அதன் ஆயுளுக்கு நல்லது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2022-இல் இரண்டு ஆன்டிபயாடிக்குகளுக்கு, எத்தனை குப்பி செலவானாலும் ஆண்டுக்கு ஒரு நிலையான தொகை என்ற சந்தா முறையைத் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும் மாநில மருத்துவப்பணிக் கழகங்கள் இத்தகைய ஓர் உறுதியை ஆய்வுக்காலத்திலேயே கொடுக்க முன்வந்தால், சோதனைகளில் இறங்கும் நிறுவனத்துக்குத் தெம்பு வரும்.

ஆனால் ஐம்பத்தைந்து ரூபாயின் முதல் ரூபாய் செல்ல வேண்டிய இடம் ஆய்வகம் அன்று, பண்ணை. ஏ.ஏ.சி.-3-4 மரபணு நம் கோழி, பன்றி, மாட்டுப் பண்ணைகளின் கிருமிகளில் எவ்வளவு பரவியிருக்கிறது, மருத்துவமனைகளின் என்.டி.எம். கிருமிகளில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை முதலில் கணக்கெடுக்க வேண்டும். இந்திய அரசு 2019-இல் உணவுக்கான கால்நடை வளர்ப்பில் கொலிஸ்டினைத் தடைசெய்தது போல ஏப்ராமைசினையும் இப்போதே பண்ணைகளிலிருந்து விலக்கிவைக்க வேண்டும், மனிதருக்கான ஒப்புதல் வரும்வரை காத்திருக்கலாகாது. அந்தக் கணக்கெடுப்பில் மருத்துவமனைக் கிருமிகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் இந்த மரபணு தென்பட்டால், இயற்கை ஏப்ராமைசினை விடுத்து, அந்த நொதி கைவைக்கும் அமினோ தொகுதியை மறைத்த திருத்தங்களுக்கே முழுப்பணத்தையும் மாற்றிவிட வேண்டும்.